ஊசி போடாத அம்மாவுக்குத் தெலுங்கு தெரியாது

போன வாரம் ஓசூரில் உங்கள் தொழிற்சாலைக் கவுன்சலர்கள் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டு, சால்வை போட்டு, ஏசி அறையில் நடுநாயகமாக உட்காரவைத்து, ‘அந்தக் காலத்துல கவுன்சலிங் எப்படி மேடம் இருந்துச்சு?’ என்று கேட்டீர்கள். குளிரில் எனக்குப் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. ஏதோ சொல்லி ஒப்பேற்றினேன். கைதட்டினீர்கள். எதற்குத் தட்டினீர்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள் பாருங்கள், அதுதான் கேள்வி. ‘மேடம், எங்க அசெம்பிளி லைன்ல ஜார்க்கண்ட் பொண்ணு ஒருத்தி இருக்கா. பத்து நாளா மத்தியானம் என் ரூமுக்கு வர்றா. உக்காந்து அவ ஊரு பாஷையில பேசறா. ஹிந்தி அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஹிந்தியில சொல்லுன்னா காதுலயே வாங்க மாட்டேங்கறா. ஹாஸ்டல்ல அவ பாஷை தெரிஞ்ச இன்னொரு பொண்ணு இருக்கா. கூட்டிட்டு வந்து பக்கத்துல உக்கார வெக்கட்டுமா?’

நீங்கள் எல்லாரும் ஒரே குரலாக ‘வெச்சுக்க’ என்றீர்கள். நான் மட்டும் ‘கொஞ்சம் பொறும்மா’ என்றேன். ஏன் என்று சொல்வதற்குள் சாப்பாட்டுக்கு மணி அடித்துவிட்டது. பிரியாணிக்கு முன்னால் என் கதை எடுபடுமா? அதனால்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசியில் நான் இந்தப் பக்கம் வந்தேன். அப்போது ஓசூரில் நீங்கள் பார்க்கிற கம்பெனி ஒன்றுகூடக் கிடையாது. ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில், பெங்களூர் ரோட்டோரமாக ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. காசநோய்க்காரர்களுக்கானது. ஓட்டுக்கூரை போட்ட நீள நீளமான வார்டுகள், சுற்றிலும் தைல மரம், ரோட்டில் பகல் முழுக்க லாரி. எனக்கு இருபத்து மூன்று வயது. சொந்த ஊர் கடலூர்ப் பக்கம். மெட்ராஸில் சமூகப்பணி படித்துவிட்டு, கையில் ஒரு நோட்டும் மண்டை நிறையக் கனமுமாக வந்து இறங்கினேன்.

என் வேலை என்னவென்று அங்கே யாருக்கும் தெரியாது. சும்மா சொல்லக்கூடாது, எனக்கே பாதிதான் தெரியும். காசநோய்க்கு அப்போது மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியிலேயே தங்கவேண்டும். தினம் ஊசி, கைநிறைய மாத்திரை. இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் ‘எனக்கு நல்லாயிடுச்சு’ என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பாதியில் விட்டால் நோய் திரும்பி வரும். திரும்பி வந்த நோய்க்குப் பழைய மருந்து கேட்காது. போனவர்கள் முக்கால்வாசிப் பேரை மறுபடி நாங்கள் பார்த்ததில்லை. உடம்புக்கு மருந்து கொடுப்பது டாக்டர் வேலை, ஆளைக் கட்டிலில் நிறுத்திவைப்பது என் வேலை. நோயாளிகள் எனக்கு ஒரு பேர் வைத்திருந்தார்கள்: ஊசி போடாத அம்மா. அந்தப் பேருக்காகவே பாதிப் பேர் என்னோடு பேசினார்கள்.

பேசினார்கள் என்றால் எந்தப் பாஷையில்? அந்த ஊர்ச் சங்கதி உங்களுக்குத் தெரியும். ஒருத்தர் கன்னடத்தில் ஆரம்பித்து, தெலுங்கில் திட்டி, தமிழில் முடிப்பார். கீரை விற்கிறவள்கூட மூன்று பாஷையில் பேரம் பேசுவாள். நான் ஒருத்திதான் தமிழை மட்டும் வைத்துக்கொண்டு முழித்தேன். ‘ஏம்மா, தெலுங்கும் வராது, கன்னடமும் வராது, நீயெல்லாம் எப்படிம்மா பொழைக்கப் போறே?’ என்று அந்தக் கீரைக்காரி நிஜமான கவலையோடு என்னைக் கேட்டிருக்கிறாள்.

வெங்கடம்மா வந்தது அந்த வருஷத்து மழைக்காலத்தில். இருபத்தைந்து வயது இருக்கும். பிறந்தது ஓசூர்ப் பக்கத்துக் கிராமம், வீட்டில் தெலுங்கு. கட்டிக்கொடுத்தது கல்லாவிப் பக்கம், அங்கே தமிழ். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை, மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். பெரிய டாக்டரைக்கூட ‘நீ’ என்றுதான் பேசுவாள், அவரும் சிரித்துக்கொள்வார். முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தாள். இரண்டாவது மாதம் ஒருநாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். சோறு வேண்டாம், மாத்திரை வேண்டாம். வந்த எடையெல்லாம் இறங்க ஆரம்பித்தது. ‘இப்படியே போனா இந்தப் பொண்ணு தாங்காது. பேசிப் பாரு’ என்றார் டாக்டர்.

பேசினேன். படித்ததையெல்லாம் பேசினேன். குழந்தையைச் சொன்னேன், நோயைச் சொன்னேன், சாமியைக்கூட இழுத்தேன். சுவர் கேட்டுக்கொண்டது. மூன்றாம் நாள் எனக்கே அலுத்துப்போய், ‘வா, வெளியே போய்ச் சும்மா உக்காரலாம்’ என்றேன். என்ன நினைத்தாளோ, எழுந்து வந்தாள். துணி வெளுக்கும் கொட்டகை ஓரமாக ஒரு புங்கமரம், அதன் கீழ் கல் பெஞ்சு. காற்று வருகிற பக்கம் நான், போகிற பக்கம் அவள், அது ஆஸ்பத்திரிச் சட்டம். ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். தெலுங்கில்.

‘வெங்கடம்மா, எனக்குத் தெலுங்கு வராது. தமிழ்ல சொல்லு’ என்றேன்.

அவள் நிறுத்தவே இல்லை. இத்தனைக்கும் வார்டு ஆயா சவரியம்மாவோடு அவள் தமிழில் சண்டையே போடுவாள், நான் என் காதால் கேட்டிருக்கிறேன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேண்டுமென்றே என்னை மட்டம் தட்டுகிறாள் என்று நினைத்தேன். ஆனால் எழுந்து போகவும் முடியவில்லை, அவள் முகம் அப்படி இருந்தது. ஒரு மணி நேரம் பேசினாள். பிறகு குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு, நேராகப் போய்த் தட்டை எடுத்துச் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். மாத்திரையும் விழுங்கினாள். சவரியம்மா என்னைப் பார்த்த பார்வையில், நான் ஏதோ மந்திரம் போட்டுவிட்டேன் என்றிருந்தது.

மறுநாள் பதினோரு மணிக்கு அவளே வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். அதற்கு மறுநாளும். தினமும் ஒரு மணி நேரம் தெலுங்கு. நான் மண்ணு மாதிரி உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் அவள் குரல் ரொம்பத் தாழ்ந்துபோனது. தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எதற்கு அழுகிறேன் என்று எனக்கே தெரியாது. அவள் என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மேலே பேசினாள்.

எடை ஏறியது. டாக்டருக்கு மகா சந்தோஷம். ‘அவளுக்கு என்னதான் பிரச்சினை?’ என்றார்.

‘தெரியாது டாக்டர்.’

‘தினம் ஒரு மணி நேரம் உக்கார்றே, தெரியாதுங்கறே?’

அவர் கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. மாத ரிப்போர்ட்டில் ‘பிரச்சினை’ என்று ஒரு கட்டம், ‘கொடுத்த ஆலோசனை’ என்று இன்னொரு கட்டம். வெங்கடம்மா பேருக்கு நேராக இரண்டும் காலி. படித்தவள் அல்லவா நான், காலிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு எப்படித் தூங்குவேன்? அந்தக் கட்டங்களை நிரப்ப நான் செய்த காரியத்தை இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

சவரியம்மாவுக்கு மூன்று பாஷையும் தண்ணி பட்டபாடு. அவளைக் கூப்பிட்டு, ‘நாளைக்குப் பதினோரு மணிக்குக் கொட்டகைத் தகரத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்து கட்டுத்துணி மடி. வெங்கடம்மா என்ன சொல்றான்னு கேட்டு எங்கிட்ட சொல்லு’ என்றேன்.

‘வேணாம்மா’ என்றாள் சவரியம்மா. ‘ஒளிஞ்சு கேக்கறது பாவம்மா.’

‘அவ நல்லதுக்குத்தான்’ என்றேன். இந்த ‘நல்லதுக்குத்தான்’ இருக்கிறதே, நம் தொழிலில் இதைப்போல ஆபத்தான வார்த்தை வேறு இல்லை. இதைச் சொல்லிக்கொண்டு நாம் எந்த வீட்டுக்குள்ளும் செருப்போடு நுழைந்துவிடுவோம்.

மறுநாள் சவரியம்மா துணியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெங்கடம்மா பேசினாள். அரை மணி ஆகியிருக்கும், தகரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு விம்மல் கேட்டது. சவரியம்மாவால் அடக்க முடியவில்லை. வெங்கடம்மா பேச்சை நிறுத்தினாள். எழுந்து போய்த் தகரத்துக்குப் பின்னால் பார்த்தாள். திரும்பி வந்து என்னைப் பார்த்தாள். நேராக வார்டுக்குப் போய்விட்டாள். அன்று முழுக்கச் சுவர்ப்பக்கம்தான்.

மறுநாள் காலை கட்டில் காலி.

நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு டாக்டர் என் முன்னால் நின்றார். ‘சவரியம்மாவைக் கேளு. வெங்கடம்மா என்ன சொன்னான்னு தெரிஞ்சா எங்க போயிருப்பான்னு தெரியும். சீக்கிரம்.’ அவர் சொன்னது நியாயம்தான். சவரியம்மா அழுது வீங்கின கண்ணோடு கதவோரம் நின்றாள். ‘சொல்லட்டுமாம்மா?’ என்றாள். எனக்கு அந்த ஒரு நொடி இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் தெரிந்துவிடும், கட்டமும் நிரம்பிவிடும்.

‘வேணாம்’ என்றேன். நல்ல புத்தியில் சொன்னேன் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். வெட்கத்தில் சொன்னேன். சொல்லிவிட்டு ரோட்டுக்கு ஓடினேன்.

கிருஷ்ணகிரிப் பக்கம் போகிற பஸ் நிற்கிற இடத்தில் துணி மூட்டையோடு நின்றிருந்தாள். ஓடி வந்ததில் எனக்கு மூச்சு வாங்கியது. நோய் அவளுக்கு, இரைப்பு எனக்கு.

‘வெங்கடம்மா, போகாதே.’

அவள் என்னோடு முதல்முதலாகத் தமிழில் பேசினாள். தமிழ் என்றால் கல்லாவித் தமிழ், சுத்தமான தமிழ். ‘உனக்குத் தெலுங்கு தெரியாதுன்னுதானே உங்கிட்ட சொன்னேன்? தெரிஞ்சவங்ககிட்ட சொல்றதுன்னா எனக்கு ஆளா இல்ல? தமிழ்ல சொன்னா என் மாமியா காதுக்குப் போவும். தெலுங்குல சொன்னா எங்கம்மா காதுக்குப் போவும். அந்த ஆஸ்பத்திரியில தெலுங்கு வராத ஒரே ஆளு நீதான். அதான் உன்னைப் புடிச்சேன்.’

இரண்டு வருஷம் மெட்ராஸில் எனக்கு யாரும் சொல்லித்தராததை, பள்ளிக்கூடமே போகாத ஒருத்தி ரோட்டோரத்தில் நின்று சொல்கிறாள். தனக்கு என்ன மருந்து வேண்டும் என்று அவளே கண்டுபிடித்து, அதற்குத் தோதான ஆளையும் அவளே தேர்ந்தெடுத்திருக்கிறாள். நான் என்னவோ அவளுக்கு வைத்தியம் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்! இப்போது எழுதும்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

சிலிர்ப்பெல்லாம் இருக்கட்டும், வாய்க்கொழுப்பு எங்கே போகும்? ‘யாருக்கும் புரியக்கூடாதுன்னா மரத்துகிட்டயே சொல்லியிருக்கலாமே’ என்று கேட்டுவிட்டேன்.

‘மரம் அழுவுமா?’ என்றாள். ‘நீ அழுதியே.’

அதற்குள் பஸ் வந்துவிட்டது. வெங்கடம்மா மூட்டையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். என் படிப்பில் இந்த இடத்துக்கு என்று ஒரு வாக்கியமும் இல்லை. ‘உன் குழந்தையை நினைச்சுப் பாரு’ என்று வாய் வரை வந்தது. அதையும் விழுங்கினேன். அவளுக்குத் தெரியாத குழந்தையா?

‘தப்பு என்னோடது’ என்றேன். ‘சவரியம்மா என்ன கேட்டாள்னு நான் கேக்கல. இனிமேலும் கேக்க மாட்டேன். அவளும் சொல்ல மாட்டா.’

அவள் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள். ‘நான் தெலுங்கே கத்துக்க மாட்டேன்!’ என்று கத்தினேன்.

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர், ‘ஏம்மா, ஏறுறியா இல்லியா? தெலுங்கு கிளாஸெல்லாம் இறங்கி நின்னு நடத்துங்க’ என்றார். வெங்கடம்மா என்னையே பார்த்தாள். பிறகு படியிலிருந்து காலை எடுத்தாள்.

பஸ் போனபிறகு, ‘இந்தப் பக்கத்துல இருந்துக்கிட்டு தெலுங்கு கத்துக்காம இருந்துடுவியா நீ? பாக்கலாம்’ என்றாள். கொஞ்ச தூரம் நடந்ததும், ‘பதினோரு மணிக்கு யாரும் அந்தக் கொட்டகைப் பக்கம் வரக்கூடாது’ என்றாள். ‘சரி’ என்றேன். அவள் மூட்டையை நான் வாங்கிக்கொண்டேன்.

மிச்ச மாதங்களும் இருந்தாள். முழுசாக மருந்து முடித்தாள். கடைசி நாளில் கல்லாவியிலிருந்து குழந்தையைக் கூட்டிவந்திருந்தார்கள். வெளிக் கேட்டில் நின்ற குழந்தைக்கு அம்மாவை அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு சதை போட்டிருந்தாள். கிட்டே வந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கழுத்தைக் கட்டிக்கொண்டது. ரிப்போர்ட்டில் ‘பிரச்சினை’ கட்டத்தைக் காலியாகவே விட்டேன். டாக்டர் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். சவரியம்மா அதற்கப்புறம் இருபது வருஷம் என் கூட வேலை பார்த்தாள். அந்த அரைமணி நேரத்தைப் பற்றி ஒரு சொல் அவள் வாயிலிருந்து வந்ததில்லை. கைநாட்டுக்காரி. இன்று நீங்கள் ரகசியக் காப்பு என்று ஃபாரம் ஃபாரமாகக் கையெழுத்து வாங்குகிறீர்களே, அப்போதெல்லாம் நான் அவளைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

கத்திக் கொடுத்த வாக்கை எப்படிக் காப்பாற்றினேன் என்கிறீர்களா? படாத பாடுபட்டேன். கன்னடம் கற்றுக்கொண்டேன், நன்றாகவே. தெலுங்கு மட்டும் பேசுகிற நோயாளிகளைப் பிறகு வந்த இன்னொருத்தியிடம் அனுப்பினேன். தெலுங்குப் படம் பார்த்ததில்லை. ஊரே சிரித்தது. ஆனால் காதுக்குக் கதவு உண்டா? தண்ணீருக்கும் சோற்றுக்கும், வா போவுக்கும் தெலுங்குச் சொற்கள் தானாகவே வந்து ஒட்டிக்கொண்டன.

பன்னிரண்டு வருஷம் கழித்து, ஓசூரில் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒருநாள் வெங்கடம்மா என் அறைக்கு வந்தாள். நான் அப்போது ஓசூருக்கே மாறி வந்திருந்தேன், சவரியம்மாவும் என்னோடு வந்துவிட்டாள். கூடவே தாவணி போட்ட மகள். வெங்கடம்மாவுக்குத் தலை நரைக்க ஆரம்பித்திருந்தது, குரல் மட்டும் அதேதான். உட்கார்ந்ததும் முதல் கேள்வி: ‘தெலுங்கு வந்துடுச்சா உனக்கு?’

பொய் சொல்லியிருக்கலாம். ‘இல்லை’ என்றால் பழையபடி பேசுவாள், அதற்குத்தான் வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. உண்மையைச் சொன்னால் எழுந்து போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது. ஆனால் அவளிடம் ஒருதரம் ஒளித்துவைத்துப் பட்டது போதும்.

‘கத்துக்கல வெங்கடம்மா. ஆனா கொஞ்சம் கொஞ்சம் புரியுது’ என்றேன்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ‘பன்னெண்டு வருசம் இந்த ஊர்ல இருந்து கொஞ்சம்தானா? சுத்த மக்கு நீ.’ பிறகு மகளைப் பார்த்து, ‘போயி பூ வாங்கிட்டு வா’ என்று அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தினாள்.

‘தமிழ்லயே சொல்றேன்’ என்றாள். ‘அப்ப தமிழ்ல சொல்ற அளவுக்கு இல்ல, மலையாட்டம் இருந்துச்சு. உங்கிட்ட சொல்லிச் சொல்லி அம்மிக்கல்லாட்டம் தேஞ்சு போச்சு. இப்ப சின்னது.’

சொன்னாள். நாலே நாலு வாக்கியம். அவள் மகள் பூவோடு திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. அந்த நாலு வாக்கியத்தை உங்களுக்கு நான் எழுதப்போவதில்லை. டாக்டர் உயிரோடிருந்து கேட்டாலும் அந்தக் கட்டம் காலிதான்.

கடைசி வரிசைப் பெண்ணே, உன் பேரைக் கேட்காமல் வந்துவிட்டேன். உயிருக்கு ஆபத்து என்று உனக்குத் துளி சந்தேகம் வந்தால் அந்த ஹாஸ்டல் பெண்ணைக் கட்டாயம் கூப்பிடு. ஆனால் ஜார்க்கண்ட் பெண்ணிடம் முதலில் சொல்லிவிட்டு, அவள் கண்ணெதிரே உட்காரவை. தகரத்துக்குப் பின்னால் யாரையும் வைக்காதே. அப்படி ஒன்றும் ஆபத்து இல்லையென்றால் ஹிந்தியில் அவளை ஒரே ஒரு கேள்வி கேள்: ‘நீ சொல்றது எனக்குப் புரியணுமா, வேணாமா?’ அவள் வேண்டாம் என்றால், நீ பெரிய பாக்கியசாலி. நாளைக்கும் மத்தியானம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்.